ஒரு சாண் குழாய்

காலை ஒன்பது பதினொன்றுக்கு அந்த மேட்டில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். ஓட்டியவருக்குக் கண் கூசியிருக்கலாம் என்று விபத்து அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். இருக்காது, ஐயா. அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். என் தங்கை வாங்கிக் கொடுத்தது. வண்டியில் ஏறினால் கழற்ற மாட்டார்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. நானாக வந்திருக்கிறேன். அறிக்கையின் நகல் தபாலில் வந்தது. இரண்டு முறை படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். சக்கரத் தடங்களின் நீளம், எதிரே வந்த லாரியின் வேகம், இறந்த இருவரின் வயது எல்லாம் சரி. நான்காம் பக்கத்தில் ஒரு பத்தி மட்டும் தவறு. இருபத்தாறு வருடமாக நான் வண்டிகளில் பெட்ரோல் கோளாறு பார்க்கிறவன். கடைசியாக வண்டி பார்த்த இடம் என்று என் பட்டறையைக் குறிப்பிட்டிருக்கும் தாளில் தவறான காரணம் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தப் பத்தியில் இரண்டே வாக்கியம். “ரப்பர் குழாய் வயதாகி வெடித்ததால் எதிர்பாராத பழுது. மேட்டில் லாரியை முந்த முயன்றது ஓட்டியவரின் அலட்சியம்.” இரண்டுமே சரியில்லை.

குழாய் உங்கள் மேசைமேலேயே இருக்கிறது. பையைத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்தே தெரியும். ஒரு சாண் நீளம். சுண்டுவிரல் கனம்கூட இல்லை. டர்போ வண்டியில் இன்ஜினுக்குக் காற்றை ஊதித் திணிக்கிறோம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். எவ்வளவு காற்று போகிறது என்ற செய்தியை, பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டருக்குக் கொண்டுபோவது இந்தக் குழாய்தான். இப்போது வரும் வண்டிகளில் இது கிடையாது. இது பழைய வண்டி. செய்தி போகாவிட்டால் காற்று வரும், பெட்ரோல் வராது. இன்ஜினுக்கு மூச்சு முட்டும். இரண்டு விநாடி, மூன்று விநாடி. மிதித்த காலை எடுத்தால் சரியாகிவிடும்.

வெடிப்பு அடிப்பக்கத்தில் இருக்கிறது, நகத்தால் கீறிய மாதிரி. இன்ஜின் சும்மா ஓடும்போது குழாய் உள்ளே உறிஞ்சும். அப்போது வெடிப்பு உதடு மாதிரி மூடிக்கொள்ளும். டர்போ ஊதும்போது மட்டும் திறக்கும். பட்டறையில் நிறுத்தி நாள் முழுக்கப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அவசரத்துக்கு மிதிக்கும்போதுதான் கைவிடும்.

குழாய் பழையது, உண்மை. ஆனால் அதை இறுக்கியிருக்கும் கிளிப்பைப் பாருங்கள். புத்தம் புதுசு. பழைய குழாயில் யாரும் புது கிளிப் போட மாட்டார்கள். இதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் நான் வந்திருக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

வண்டி என் தங்கை கணவருடையது. லிஃப்ட் கம்பெனியில் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நல்ல மனிதர். நான்தான் தேடிப் பிடித்தேன். முதலில் அவர் என் வாடிக்கையாளர். ஒரு மனிதன் வண்டியை வைத்திருக்கும் விதத்திலேயே ஆளைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவன் நான். அவர் வண்டிக்குள் ஒரு காகிதத் துண்டு கிடக்காது.

தங்கை என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு ஒன்பது வயதில் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். வீட்டில் தனியாக விட முடியாது. பள்ளி விட்டதும் நேராகப் பட்டறைக்கு வந்துவிடுவாள். சுவரோரம் ஒரு பழைய காரின் பின்சீட்டைக் கழற்றிப் போட்டிருந்தேன். அது அவளுடைய இடம்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியின் சாவியையும் கொடுக்க மாட்டேன். பெட்ரோல் அழுத்தம் காட்டும் கேஜை நீளமான குழாயில் மாட்டி, பானெட்டைச் சாத்தி, முன்கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் செருகிவிடுவேன். ஓட்டுகிறவன் சாலையைப் பார்க்க வேண்டும். முள்ளைப் பார்க்க இன்னொரு ஆள் வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து அந்த ஆள் பாப்பாதான். கல்யாணத்துக்குப் பிறகு நானே ஒரு கண்ணால் சாலையையும் ஒரு கண்ணால் முள்ளையும் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு ஒரு காரணமும் இல்லை. நேரம் அமையவில்லை.

அவள் முதலில் தினமும் வந்துபோனாள். பிறகு வாரம் ஒரு முறை. பிறகு போனில். நான் குறை சொல்லவில்லை. வண்டி மேட்டில் இழுக்க மாட்டேன் என்கிறது என்று அவர்கள் இரண்டு பேரும் வந்த அந்தச் சனிக்கிழமை, அவளைப் பார்த்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

கேஜை மாட்டினேன். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை பின்சீட்டில்.

“மெதுவாப் போங்க மச்சான். லிஃப்ட்டுலயே கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கிற ஆளு நான்.”

“கம்பெனில இத வெளிய சொல்லிடாதீங்க மாப்பிள்ளை.”

மேடு வந்தது. மிதித்தேன்.

“ரெண்டரை,” என்றாள் பாப்பா. “மூணு. மூணுலயே நிக்குதுண்ணா. ஏற மாட்டேங்குது.”

“சரியாப் பாத்தியா?”

“எத்தன வருசமா பாக்குறேன். முள்ளு எங்கிட்ட பொய் சொல்லாது.”

வண்டி இரண்டு தடவை குலுங்கியது, மூச்சு முட்டியது. காலை எடுத்தேன், சரியாயிற்று. பட்டறைக்குத் திரும்பிப் பானெட்டைத் திறந்தேன். விரலால் தடவியதும் வெடிப்பு தட்டுப்பட்டது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புதுக் குழாய் மேசை இழுப்பறையில் இருந்தது. போட இரண்டு நிமிடம். பாப்பா அதற்குள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

“என்னண்ணா, கண்டுபுடிச்சிட்டியா?”

“இல்ல. பாக்கணும். அடுத்த சனிக்கிழமை கொண்டு வாங்க.”

வேலையில் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

ஒன்பது சனிக்கிழமை வந்தார்கள். நான் ஃபில்டரை மாற்றினேன். டாங்குக்குள் இருக்கும் பம்பை மாற்றினேன். இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். எல்லாம் நன்றாக இருந்தவைதான். ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து முள் மூன்றில் நிற்கிறது என்றாள். மற்ற நேரத்தில் அந்தப் பழைய சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து, செய்தித்தாளில் வேலை விளம்பரங்களைச் சத்தமாகப் படிப்பாள்.

“அண்ணா, ஒரு கடையில ஆள் வேணுமாம். ‘சிரித்த முகம் அவசியம்’னு போட்டிருக்கான். ஒனக்கு நேர்காணலே கெடையாது.”

பக்கத்து ஷெட்டில் வண்டிகளுக்கு ஒடுக்கு எடுக்கும் டிங்கர் வேலை பார்ப்பவர் சுத்தியலை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்ப்பார். “என்னப்பா இது, பொண்ணு பாக்க வர்ற மாதிரி வாராவாரம் வந்துட்டுப் போறாங்க? புடிச்சிருக்கா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மாப்பிள்ளை ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. “ஒரு லிஃப்ட் ரெண்டு தடவ நடுவுல நின்னா, மூணாவது தடவ நானே ஏற மாட்டேன். மச்சான் கைபட்ட வண்டின்னுதான் ஏறுறேன்,” என்றார். வண்டியின் குணத்துக்கு ஏற்ப அவர் மாறிக்கொண்டார். மடியில் முட்டைக்கூடையை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் மாதிரி ஓட்டினார். அந்த மேட்டில் லாரி முன்னால் போனால் அதன் புகையைக் குடித்துக்கொண்டு பின்னாலேயே ஊர்ந்து ஏறுவார். நான் ஓட்டினால் தவிர அந்தச் சாலைக்கு வரவே மாட்டேன் என்று பாப்பா சொல்லிவிட்டாள்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா. ஒன்பது வாரம் இந்த வெடிப்பு அந்த வண்டியில் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பழுது இருக்கிறது என்று தெரிந்தவனை அது ஒன்றும் செய்யாது.

பத்தாவது சனிக்கிழமை பாப்பா உள்ளே வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

“அண்ணா, ஒனக்கு விடுதலை. இனிமே இந்த வண்டித் தொல்ல இல்ல.”

மாப்பிள்ளைக்குப் பதவி உயர்வு. வேறு ஊர். முந்நூறு கிலோமீட்டர். அந்த மேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“எப்ப?”

“அடுத்த ஞாயித்துக்கெழம. அவரு வண்டில போறாரு, நான் ரயில்ல. இதுல அவ்வளவு தூரம் என்னால முடியாதுப்பா.”

“நல்லது,” என்றேன். உள்ளே போய் ஏற்கெனவே துடைத்திருந்த ஸ்பானரை எடுத்துத் துடைத்தேன்.

அன்றைக்கே வண்டியைச் சரி செய்தேன். புதுக் குழாய் போட்டேன். பழைய கிளிப் கழற்றும்போது உடைந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினேன். பழைய குழாயைக் குப்பையில் போடவில்லை. இழுப்பறையில் வைத்தேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மேட்டில் மிதித்தபோது பாப்பா முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மூணு. மூணரை. அண்ணா, ஏறுது. ஏறுதுண்ணா. நாலு கிட்ட வந்துருச்சு.” சின்ன வயதில் தட்டுகிற மாதிரி கை தட்டினாள். பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளை என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

“கடைசில புடிச்சிட்டீங்களே மச்சான்.”

“இனிமே பயப்படாம மிதிங்க,” என்றேன்.

பிறகு அந்த வாரம் முழுக்க நான் செய்ததைத்தான் உங்கள் அறிக்கை அலட்சியம் என்கிறது. அது அவருடையது இல்லை. தினமும் சாயங்காலம் அவருக்குப் போன் செய்தேன். மேட்டுப் பக்கம் போனீர்களா, எப்படி இழுக்கிறது என்று கேட்டேன். திங்கட்கிழமை ஒரு லாரியைத் தாண்டினார். புதன்கிழமை மூன்று. வியாழக்கிழமை நானே பக்கத்தில் உட்கார்ந்து போனேன். முன்னால் சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரி. தாண்டப் போனவர் பாதியில் பழக்கத்தில் காலை எடுத்தார்.

“எடுக்காதீங்க மாப்பிள்ளை. மிதிங்க. அது போகும்.”

மிதித்தார். போயிற்று.

“பறக்குது மச்சான்,” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருக்கிறது. ஒன்பது வாரம் பாதத்தில் ஏறிய பயத்தை நான்கு நாளில் இறக்கிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் வண்டியைக் கொண்டுவந்து விட்டார். நெடுந்தூரம் போகும் முன் ஒரு முறை பார்த்துவிடுகிறேன் என்று நான்தான் சொல்லியிருந்தேன். பாப்பா வரவில்லை. வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். டயரில் காற்றுப் பார்த்தேன், ஆயில் பார்த்தேன், கண்ணாடிகளைத் துடைத்தேன். பிறகு புதுக் குழாயைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட்டேன். பழைய கிளிப் இல்லையே, அதனால் புது கிளிப்பையே இறுக்கினேன். கேஜை மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன்.

மேட்டில் வேறு வண்டி இல்லை. மிதித்தேன். முள் மூன்றில் நின்றது. இரண்டரை விநாடி வண்டியில் உயிர் இல்லை. திரும்பி வந்தேன். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அட்டை எழுதுவோம். அதில் “ஓட்டிப் பார்த்தது: சரி” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எதற்காக என்று கேட்பீர்கள். இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதில் ஒன்று உண்டு. வண்டி வழியில் மக்கர் பண்ணும். அவர் எனக்குப் போன் செய்வார். நான் இழுவை வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவரைக் கூட்டி வருவேன். பயணம் ஒரு வாரம் தள்ளிப்போகும். ரயில் டிக்கெட்டை மாற்ற வேண்டியிருக்கும். பாப்பா பட்டறைக்கு வந்து அந்தச் சீட்டில் உட்காருவாள். ஒரு சனிக்கிழமை. அதற்கு மேல் நான் எதற்கும் ஆசைப்படவில்லை.

இந்தப் பதிலை உங்கள் அறிக்கையைப் படிக்கும் வரை நம்பினேன். பிறகு அந்தப் பதிலையும் நானே ஓட்டிப் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியை நிறுத்த எனக்கு இருபது வழி தெரியும். பம்புக்குப் போகும் ஒயரைப் பாதி கழற்றிவிட்டால் தெருமுனையில் நின்றுவிடும். டாங்கில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும். இந்தக் குழாய் வண்டியை நிறுத்தாது. மெதுவாகப் போனால் முந்நூறு கிலோமீட்டரும் சுகமாகக் கொண்டுபோய் விட்டுவிடும். நம்பி மிதிக்கிறவனை மட்டும், சாலையின் எதிர்ப்பக்கத்தில் வைத்து, இரண்டரை விநாடி கைவிடும். கோளாறு பார்க்கும் தொழிலில் இதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அவர் அந்த ஊருக்குப் போய்ச் சேரக் கூடாது என்றுதான் செய்தேன். அவரை நான்தான் கொன்றேன். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை.

ஆகவே நான்காம் பக்கத்தில் “எதிர்பாராத பழுது” என்பதை அடித்துவிடுங்கள். “ஓட்டியவரின் அலட்சியம்” என்பதையும். அவர் நான் சொன்னதைத்தான் செய்தார்.

பாப்பாவை நான் ஒன்றும் செய்யவில்லை. அவள் ரயிலில் போக வேண்டியவள். பத்து நாற்பது ரயில். டிக்கெட்டை நானே பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு மாப்பிள்ளை வண்டி எடுக்க வந்தார். டிங்கர் வழியனுப்ப வந்து நின்றார். மாப்பிள்ளைக்குப் பின்னால் பாப்பா ஒரு பெட்டியோடு நடந்து வந்தாள். என்னிடம் சொல்லிக்கொண்டு ரயிலுக்குப் போகப் போகிறாள் என்று நினைத்தேன். பெட்டியை வண்டியின் பின்னால் வைத்தாள்.

“என்ன பாப்பா?”

“ரயில் டிக்கெட்டக் கிழிச்சிட்டேன்.”

“ஏன்?”

“நீ சரி பண்ணின வண்டி. அதுல ஏறாம நான் ரயில்ல போனா நாலு பேரு என்ன நெனப்பாங்க? ஒன் தொழிலுக்கே கேவலம்.”

“கூடப் பொறந்த பொண்ணுன்னா இப்படி இருக்கணும்,” என்றார் டிங்கர். “என் தங்கச்சி நான் தட்டின கதவத் தொறக்கக்கூட பயப்படுவா.”

அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

புதுக் குழாய் என் சட்டைப் பையில் இருந்தது. முந்தின நாள் கழற்றியதை அங்கேதான் வைத்திருந்தேன். மாற்ற இரண்டு நிமிடம் போதும். பானெட்டைத் திறந்தால் மாப்பிள்ளை இறங்கி வந்து பக்கத்தில் நின்று பார்ப்பார், அது அவர் குணம். பழைய குழாயைப் பார்த்தால் கேட்பார். பாப்பாவும் இறங்கி வருவாள். அவளுக்கும் இந்தக் குழாய் தெரியும். மேலும் நான் கை கழுவியிருந்தேன். அவள் பக்கத்தில் இருந்தால் அவர் மெதுவாகத்தான் போவார் என்றும் நினைத்தேன். அவளுடைய பயத்தையும் நானே எட்டு நாள் முன்பே எடுத்துவிட்டேன் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. வந்தது. இரண்டாவதாகத்தான் வந்தது.

மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார். இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது. பாப்பா முன்கண்ணாடியில் வழக்கமாகக் கேஜ் இருக்கும் இடத்தைப் பார்த்தாள். பிறகு பக்கக் கண்ணாடியை இறக்கி, சட்டைப் பையின்மேல் வைத்திருந்த என் கையைத் தொட்டாள்.

“அண்ணா, ஓட்டிப் பாத்துட்டுத்தானே சாவி குடுத்த?”